மூலைக்கு எத்தனை அடி?

இந்த வாரம் உங்களிடம் ஒரு சின்ன உதவி. பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்திருங்கள். உட்கார்ந்திருக்கும் அறையின் ஏதாவது ஒரு மூலைக்குப் போங்கள். குனியுங்கள். முட்டி வலி இருந்தால் வீட்டில் உள்ள வாண்டுவை அனுப்புங்கள். சுவரின் காலடியில் நாலு அங்குல உயரத்துக்கு டைல்ஸ் பட்டை ஒன்று ஓடுகிறதே, ஸ்கர்ட்டிங், அது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து மூலையில் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

பார்த்தாச்சா?

ஒழுங்காகச் சேர்ந்திருந்தால் நீங்கள் பாக்கியசாலி. இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு சினிமாச் செய்திக்குப் போகலாம். ஆனால், உங்களில் பெரும்பாலானோர் வீட்டில் என்ன இருக்கும் என்று என்னால் இங்கிருந்தே சொல்ல முடியும். ஒரு பட்டை மூலை வரை போயிருக்கும். இன்னொன்று வரும் வழியில் மனசு மாறி அரை அங்குலம் முன்னாடியே நின்றிருக்கும். நடுவில் இருக்கும் பள்ளத்தில் யாரோ கட்டைவிரலால் ஒயிட் சிமென்ட்டை அப்பியிருப்பார்கள். அந்த ஒயிட் சிமென்ட் இப்போது ஒயிட்டாக இருக்காது. அதில் ஒரு விரிசல். விரிசலுக்குள் எறும்பு.

'உலகத்தில் எவ்வளவு பிரச்னை இருக்கு, மூலையில் இருக்கிற அரை அங்குலத்துக்கு ஒரு கட்டுரையா?' என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு பதில். அந்த அரை அங்குலத்தில்தான் நம் ஊரின் முழு வியாதியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் தொடர்ந்து படியுங்கள்.

* * *

சில வருடங்களுக்கு முன் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு, மீதிக்கு வங்கியில் கடன் வாங்கி, சென்னையில் ஒரு ஃப்ளாட் வாங்கினேன். பில்டர் பெயர் வேண்டாம். சாவி கொடுப்பதற்குப் பத்து நாள் முன்னால் வீட்டைப் பார்க்கப் போனேன். பெட்ரூம் மூலையில் மேலே சொன்ன அதே பள்ளம். என் சுண்டுவிரல் சௌகரியமாக உள்ளே போனது.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பதற்றப்படவே இல்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார், இங்கதானே கட்டில் போடுவீங்க? கட்டில் போட்டா மறைஞ்சிரும்."

ஹால் மூலையைக் காட்டினேன். "சோபா வந்தா மறைஞ்சிரும்."

கிச்சன் மூலை. "சிலிண்டர் வெச்சா மறைஞ்சிரும்."

பால்கனி மூலை. கொஞ்சம் யோசித்தார். "ஒரு தொட்டி வாங்கிச் செடி வைங்க சார். வீட்டுக்கும் நல்லது."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. நான் வீடு வாங்கியிருக்கிறேனா, அல்லது பில்டரின் தவறுகளை மறைக்க ஃபர்னிச்சர் வாங்கிப் போடும் கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறேனா?

நான் படித்தது பி.காம். கட்டடக் கலை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அக்கவுன்டன்ஸி தெரியும். இருப்பாய்வு போடும்போது பற்றும் வரவும் டேலி ஆகவில்லை என்றால் என்ன செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள்? வித்தியாசத்தைத் தற்காலிகமாக 'அனாமத்துக் கணக்கு' என்று ஒரு தலைப்பில் போட்டுவிட்டு, பிழையைத் தேடிக் கண்டுபிடித்து அந்தக் கணக்கை மூட வேண்டும். தேடாமல் அப்படியே விட்டுவிட்டால் அதற்குப் பெயர் கணக்கு இல்லை, தில்லுமுல்லு. அன்றைக்கு எனக்குப் புரிந்தது... ஒயிட் சிமென்ட்தான் கட்டட வேலையின் அனாமத்துக் கணக்கு! சுவர் டேலி ஆகவில்லையா? அப்பு!

* * *

சரி, மேஸ்திரியைத் திட்டிவிட்டால் ஆத்திரம் தீர்ந்துவிடும். திட்டத்தான் போனேன். அதற்கு முன், ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ளலாமே என்று அவரிடமே கேட்டேன். டைல்ஸ் ஒட்டிய பையன்களிடமும் கேட்டேன். கேட்கக் கேட்க, என் விரல் மெள்ளத் திரும்பி என்னையே காட்டியது.

முதல் விஷயம், கூலி. ஸ்கர்ட்டிங் வேலைக்கு ரன்னிங் ஃபீட் கணக்கில் பணம். எத்தனை அடி ஒட்டினாயோ அத்தனை அடிக்குக் காசு. ரேட் ஊருக்கு ஊர், டைலுக்கு டைல் மாறும். ஒரு கணக்குக்காக அடிக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். என் வீட்டில் மொத்தம் 212 அடி. ஆக, 6,360 ரூபாய்.

இப்போது என் கேள்வி. மூலைக்கு எத்தனை அடி?

யோசித்துப் பாருங்கள். அளவு நாடா மூலையில் வந்து முடிகிறது, அங்கிருந்து மறுபடி தொடங்குகிறது. மூலைக்கு நீளமே கிடையாது. பூஜ்யம் அடி. பூஜ்யத்தை 30 ரூபாயால் பெருக்கினால் பூஜ்யம் ரூபாய். அந்த வேலையிலேயே கஷ்டமான இடம், அதிக நேரம் பிடிக்கிற இடம், கை நிதானம் வேண்டிய இடம் எதுவோ, அதற்கு நாம் கொடுக்கும் கூலி சைபர்! நேர்ச் சுவரில் விறுவிறுவென்று ஒட்டிக்கொண்டே போனால் காசு. மூலையில் நின்று அளந்து, வெட்டி, தேய்த்து, வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி தேய்த்தால் நஷ்டம். அப்புறம் அவன் ஏன் அங்கே நிற்கப் போகிறான்? நீங்களாக இருந்தால் நிற்பீர்களா?

ஒருவனுக்கு எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதைத்தான் அவன் செய்வான். இது காமர்ஸ் பாடத்தின் முதல் வரி. நாம் நீளத்துக்குக் காசு கொடுத்துவிட்டு நேர்த்தியை இலவசமாக எதிர்பார்க்கிறோம்.

இரண்டாவது விஷயம், மூலையே மூலையாக இல்லை. ஸ்கர்ட்டிங் ஒட்டுகிறவன் கடைசியில் வருகிறவன். அவனுக்கு முன்னால் செங்கல் அடுக்கியவர் இருக்கிறார், பூச்சு பூசியவர் இருக்கிறார். சுவர் 90 டிகிரியில் எழும்பியிருக்காது. பூசும்போது மணியாசுக் கட்டை மூலையின் அடி வரை சரியாக இறங்காது. கலவை அங்கே திரண்டு ஒரு சின்ன மேடாக உறைந்துவிடும். அதைக் கொத்தி எடுக்காமல், அதன் மேலேயே டைல் பட்டையை வைத்தால் எப்படி உட்காரும்? தலை ஒரு பக்கம் தூக்கும், வால் ஒரு பக்கம் நிற்கும். நாலு பேர் செய்த தவறுகளும் கடைசியில் வருகிறவன் தலையில் விடிகிறது. அவனும் பொறுப்பை ஒயிட் சிமென்ட்டிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த சைட்டுக்குப் போய்விடுகிறான்.

* * *

'சரி, ஒழுங்காகச் செய்ய முடியுமா முடியாதா?' என்றால், தாராளமாக முடியும். அதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை.

பூச்சு முடிந்ததும் மூலையைச் சோதிக்க வேண்டும். அதற்கு மூலைமட்டம் என்று ஒரு கருவியே இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் கொத்தனார்களுக்குத் தெரிந்த 3-4-5 கணக்கு இருக்கிறது. மூலையிலிருந்து ஒரு சுவரில் 30 சென்டிமீட்டர், இன்னொரு சுவரில் 40 சென்டிமீட்டர் தள்ளிப் புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் குறுக்கே அளந்தால் சரியாக 50 வர வேண்டும். கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிதாகரஸ் தேற்றம் என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். நாம் அதைப் பரீட்சையில் எழுதினோம். அவர்கள் அதில் வீடு கட்டுகிறார்கள்.

அடுத்து, சுவரின் காலடியில் நாலு அங்குல உயரத்துக்குப் பூசாமல் விட்டுவைக்க வேண்டும். அப்போதுதான் டைல் பட்டை சுவரோடு சுவராக உட்காரும். முழுக்கப் பூசிவிட்டு மேலே ஒட்டினால் ஸ்கர்ட்டிங் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதன் தலையில் தூசி படியும். பீரோவைச் சுவரோரம் தள்ளினால் ஒட்டாது, பின்னாடி பல்லிகள் குடும்பம் நடத்தும்.

மூலையில் திரண்ட கலவையைக் கொத்திச் சுத்தம் செய்த பிறகு, எந்தப் பட்டையை முதலில் ஒட்டுவது என்று ஒரு சூட்சுமம் இருக்கிறது. கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவர் எதுவோ, அந்தப் பட்டையை மூலை வரை முழுசாக ஓட்டிவிட வேண்டும். பக்கச் சுவரின் பட்டை வந்து அதன் மேல் முட்ட வேண்டும். இப்படிச் செய்தால் இணைப்பு, உள்ளே வருகிறவரின் பார்வைக்கு நேராகத் திறந்துகொண்டு நிற்காது. முதல் பட்டையின் முனை இரண்டாவதன் தடிமனுக்குள் ஒளிந்துவிடும். அங்கே கட்டிங் கொஞ்சம் பிசிறினாலும் கவலை இல்லை. முட்டுகிற இரண்டாவது பட்டைக்குத்தான் ஃபேக்டரியில் இருந்து வந்த நேரான முனை வேண்டும். மூலை 90 டிகிரி இல்லையா? அந்த முனையின் முதுகுப் பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்துச் சரித்தால் போதும். முன்பக்கம் கச்சிதமாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

குளிர் நாடுகளில் ஸ்கர்ட்டிங்கை மரப்பலகையில் போடுவார்கள். அங்கே நல்ல தச்சர், உள்மூலையில் இரண்டு பலகையையும் 45 டிகிரி அறுத்துச் சேர்க்க மாட்டார். மரம் காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் அந்த இணைப்பு வாயைப் பிளக்கும். சுவரும் எங்கேயுமே துல்லியமாக 90 டிகிரி இருப்பதில்லை. அதனால் ஒரு பலகையை மூலை வரை ஓட்டிவிட்டு, இன்னொன்றின் முனையை, முதல் பலகையின் நெளிவு சுளிவுகளுக்கு ஏற்ப அறுத்து, அதன் மேல் சட்டை மாதிரிப் பொருந்தச் செய்வார். சுவர் கோணலாக இருப்பது அங்கேயும் உண்டு. கோணலைத் தெரிந்துகொண்டு அதற்குத் தகுந்த மாதிரி வேலை செய்வது ஒரு ரகம். கோணலை அப்பி மறைப்பது இன்னொரு ரகம்.

கடைசியாக, இணைப்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் நெகிழ்ந்து கொடுக்கும் சீலன்ட்டைப் போட வேண்டும். இரண்டு சுவர்கள் சேரும் இடம் வெயிலுக்கும் குளிருக்கும் லேசாக அசையும். ஒயிட் சிமென்ட்டுக்கு அசையத் தெரியாது. விரிசல் விடத்தான் தெரியும்.

அவ்வளவுதான். இதற்கு ஒரு மூலைக்குக் கூடுதலாக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "பத்து நிமிஷம் சார்" என்றார் மேஸ்திரி. என் வீட்டின் உள்மூலைகளை எண்ணினேன். தூண் துருத்திக்கொண்டிருக்கும் இடங்களையும் சேர்த்து மொத்தம் 31. அதாவது 310 நிமிடம். ஐந்தே கால் மணி நேரம்கூட இல்லை. ஒரு ஆளின் ஒரு நாள் வேலைக்கும் குறைவு.

மூலைக்கு 50 ரூபாய் என்று தனியாகப் பேசியிருந்தால்கூட 1,550 ரூபாய். 60 லட்ச ரூபாய் ஃப்ளாட்டில் இது எத்தனை சதவிகிதம்? நூறு ரூபாய்க்கு மூன்று பைசாகூட இல்லை! இந்த மூன்று பைசாவை மிச்சம் பிடித்துத்தான் நம் தலைமுறை முழுவதையும் கட்டிலுக்கு அடியில் மறைத்துவைத்திருக்கிறோம்.

* * *

மறைந்ததா என்றால், அதுவும் இல்லை. ஸ்கர்ட்டிங் எதற்கு? அழகுக்கு மட்டும் இல்லை. துடைப்பமும் மாப்பும் சுவரில் மோதாமல் இருக்க, தரை துடைக்கும் தண்ணீர் சுவருக்குள் இறங்காமல் இருக்க. மூலையில் வாய் திறந்திருந்தால், தினமும் துடைக்கிற தண்ணீர் அங்கேதான் போய்ச் சேரும். பூச்சு அதைக் குடிக்கும். மெள்ள மேலே ஏற்றும். ஒரு நாள் ஸ்கர்ட்டிங்குக்கு மேலே பெயின்ட் உப்பிக்கொண்டு வரும், சுவர் பூத்துப்போகும். பெயின்ட்டரைக் கூப்பிடுவீர்கள். அவர் சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, காசு வாங்கிக்கொண்டு போவார். ஓட்டை அங்கேயே இருக்கும். அடுத்த வருடம் மறுபடி உப்பும். மூன்று பைசா மிச்சம் பிடித்தவர், மூன்று வருடத்தில் எவ்வளவு செலவு செய்தார் என்று கணக்கு எழுதிப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. உலகத்திலேயே மூலைகளைப் பற்றி நம்மைப் போலக் கவலைப்படும் ஜனங்கள் குறைவு. ஈசானிய மூலை, அக்னி மூலை, கன்னி மூலை, வாயு மூலை... ஒவ்வொன்றிலும் என்ன இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று வாஸ்து நிபுணருக்கு ஆயிரக்கணக்கில் ஃபீஸ் கொடுத்து வரைபடத்தையே மாற்றுகிறோம். 'அக்னி மூலையில் அடுப்பு இல்லை' என்று கிச்சனை இடித்தவர்களை எனக்குத் தெரியும். மூலைக்கு மூலை தெய்வத்தைக் குடிவைத்த நமக்கு, மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மூலைமட்டம் வைக்கத் தோன்றவில்லை. நிபுணருக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கை டைல்ஸ் ஒட்டும் பையனுக்குக் கொடுத்திருந்தால், ஈசானியத்தில் எறும்பாவது வராமல் இருந்திருக்கும்.

* * *

"இப்ப எல்லாம் வடநாட்டுப் பசங்க சார். வேலை தெரியாது" என்பார்கள். சுத்தப் பொய். அந்தப் பையன்களில் சிலரோடு அரைகுறை இந்தியில் பேசிப் பார்த்தேன். தெருவோரத்தில் குந்தி உட்கார்ந்து கட்டர் மெஷினில் டைலை அறுத்துக்கொண்டிருந்தார்கள். மூக்கில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. முகம், புருவம், இமை எல்லாம் வெள்ளைத் தூள். அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது வருடக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோஸிஸ் என்ற வியாதி வரும். வந்தால் குணமாக்க மருந்து இல்லை. பிளேடில் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூள் பெருமளவு அடங்கும். ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர், ஒரு நல்ல மாஸ்க். அதைக்கூடக் கொடுக்காதவர்கள், 'பசங்களுக்கு வேலையில் அக்கறை இல்லை' என்று புலம்புகிறார்கள். அவன் மூச்சின் மீது நமக்கு அக்கறை இல்லை. நம் மூலையின் மீது அவனுக்கு ஏன் அக்கறை இருக்க வேண்டும்?

என்னோடு பேசிய பையன், நான் கேட்டுக்கொண்டதற்காக ஒரு மூலையை மறுபடி செய்தான். முதுகைத் தேய்த்து, வைத்து, எடுத்து, மறுபடி தேய்த்து... பன்னிரண்டு நிமிடம். கோடு போட்ட மாதிரி உட்கார்ந்தது. வேலை தெரிந்திருக்கிறது. நேரம்தான் இல்லை. அதாவது, அந்த நேரத்துக்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

இன்னும் ஒரு படி கீழே போகலாமா? கசக்கும், பரவாயில்லை. ஐ.டி.ஐ-யில் கொத்தனார் வேலைக்கு என்று ஒரு முறையான படிப்பு இருப்பது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் உங்கள் பிள்ளையைச் சேர்ப்பீர்களா? நான் சேர்ப்பேனா? மாட்டேன். சிவில் இன்ஜினீயரிங் சேர்ப்போம். நான்கு வருடம் படித்து வெளியே வந்து, கையில் கரணை பிடிக்காமலேயே, கரணை பிடிப்பவரை 'யோவ்' என்று கூப்பிடும் சூப்பர்வைசர் ஆக்குவோம். கையால் செய்கிற வேலை மட்டம், வாயால் செய்கிற வேலை உசத்தி என்று தலைமுறை தலைமுறையாக ஜாதி சொல்லிக்கொடுத்ததை, இப்போது சம்பளப் பட்டியல் சொல்லிக்கொடுக்கிறது. வேலை செய்கிறவனை மூலையில் நிறுத்திய ஊரில், மூலை வேலை மட்டும் எப்படி நிமிர்ந்து நிற்கும்?

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோமே, அங்கே கல்வெட்டில் கோயிலை எடுத்த பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன். ராஜா தன் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறார். எங்கள் அபார்ட்மென்ட் வாசலிலும் ஒரு கிரானைட் கல்வெட்டு இருக்கிறது. பில்டர் பெயர், ஆர்க்கிடெக்ட் பெயர், திறந்து வைத்த பிரமுகர் பெயர். கட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. ஆயிரம் வருட முன்னேற்றம்!

* * *

1989-ல் எங்கள் ஊர் வீட்டுக்கு மொசைக் தரை போட்டார்கள். எனக்கு எட்டு வயது. தரையை மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டுவிட்டார்கள். அந்த மெஷின் மூலைக்குள் போகாது, சுவரின் மேலும் ஏறாது. ஸ்கர்ட்டிங்குக்கு ஒரு பெரியவர் தனியாக வந்தார். தரையும் சுவரும் சேரும் இடத்தில், சதுரமான மூலையாக விடாமல், ஒரு பாட்டிலை வைத்து இழுத்து லேசான வளைவாகச் செய்திருந்தார். 'அழுக்குத் தங்காது, துணி போட்டு ஒரு இழுப்பு இழுத்தா வந்துரும்' என்று அம்மாவிடம் சொன்னார். அப்புறம் கையில் ஒரு சாணைக்கல்லும் ஒரு டப்பா தண்ணீருமாகக் குந்தி உட்கார்ந்து, மூலை மூலையாகத் தேய்த்துக்கொண்டே போனார். இரண்டு நாள்.

"தாத்தா, நடுவுல ஈஸியா இருக்கே, அங்க தேய்க்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நடுச்சுவத்துல யாரு வேணா செய்யலாம் தம்பி. மூலையிலதான் வேலைக்காரன் தெரிவான்" என்றார்.

அவருக்கு நாள் கூலி. அடிக் கணக்கு இல்லை. அதையும் கவனியுங்கள். அந்த வீட்டு மூலைகள் இன்றைக்கும் விரிசல் இல்லாமல் இருக்கின்றன. அங்கே கட்டில் இல்லாத இடத்திலும் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

* * *

புலம்பிவிட்டுப் போவதில் அர்த்தம் இல்லை. வீடு கட்டுகிறவர்கள், வாங்குகிறவர்கள், ரிப்பேர் செய்கிறவர்கள் இந்த ஐந்தை மட்டும் செய்யுங்கள்.

ஒன்று: கூலி பேசும்போது மூலைக்குத் தனி ரேட் பேசுங்கள். 'அடிக்கு இவ்வளவு, மூலைக்கு இவ்வளவு' என்று எழுதிக்கொள்ளுங்கள். அடிக்கு இரண்டு ரூபாய் குறைத்துப் பேசிய சாமர்த்தியத்தை மனைவியிடம் சொல்லிப் பெருமைப்படும் ஆசாமிகள், அந்த இரண்டு ரூபாய் எந்த இடத்திலிருந்து எடுக்கப்படும் என்று கொஞ்சம் யோசிக்கவும்.

இரண்டு: முதலில் ஒரே ஒரு மூலையை முடிக்கச் சொல்லுங்கள். இருவரும் பார்த்து, 'இதுதான் மாதிரி' என்று ஒத்துக்கொள்ளுங்கள். மீதி அத்தனையும் அதைப் போல இருக்க வேண்டும். ஐம்பது மூலை முடிந்த பிறகு கத்துவது நியாயமும் இல்லை, பயனும் இல்லை.

மூன்று: பெயின்ட் அடிப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். 3-4-5 கணக்குக்கு ஒரு டேப் போதும். பூச்சு வேலையிலேயே பிடித்துவிட்டால், ஸ்கர்ட்டிங் வேலை தானாகச் சரியாகும்.

நான்கு: தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். நடுவில் ஒரு டீ சொல்லுங்கள். பெயர் கேளுங்கள்.

ஐந்து: பில்டரிடம் வாங்கியவர்களுக்கு. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தை, ரெரா என்கிறார்களே, அதைப் பலரும் கட்டடம் இடிந்தால்தான் உதவும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் 14-வது பிரிவு, மூன்றாம் உட்பிரிவைப் படியுங்கள். அஸ்திவாரம், தூண் மாதிரியான கட்டமைப்புக் குறைகள் மட்டும் இல்லை, வேலைப்பாட்டில் உள்ள குறைகளும் அதில் வருகின்றன. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் நீங்கள் தெரியப்படுத்தினால், 30 நாளுக்குள், மேற்கொண்டு காசு வாங்காமல் பில்டர் சரி செய்து தர வேண்டும். தவறினால் நஷ்டஈடு கேட்கலாம். வாயால் சொல்லாதீர்கள். போட்டோ எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் அனுப்புங்கள்.

நான் அனுப்பினேன். 31 மூலைக்கும் நம்பர் போட்டு, 31 போட்டோ. முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தில் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டேன். நான்காவது நாள் ஆள் வந்தது. பக்கத்து ஃப்ளாட்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "எதுக்கு சார் இந்தச் சின்ன விஷயத்துக்கெல்லாம்... அட்ஜஸ்ட் பண்ணிக்க வேண்டியதுதானே?" ஆள் வந்து வேலை முடிந்ததும் அதே பக்கத்து ஃப்ளாட்காரர் மெள்ள வந்தார். "சார், அந்த லெட்டரோட காப்பி ஒண்ணு கிடைக்குமா?"

எத்தனை காப்பி வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சரி செய்ய வந்தவனுக்கு பில்டர் எவ்வளவு கொடுத்தார் என்று விசாரித்தேன். சிரித்தான். "கம்ப்ளெயின்ட் வேலைக்குத் தனியாக் காசு கிடையாது சார்."

என் மூலைகள் நேராகிவிட்டன. அவன் கணக்கில் மறுபடியும் 31 பூஜ்யம். அந்தப் பணத்தை நானே என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதனால் நியாயம் முடிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அடுத்த வீட்டில், அடுத்த மூலையில், அவனுக்கு அதே பூஜ்யம் காத்திருக்கிறது. அந்த அடுத்த வீடு உங்களுடையதாகவும் இருக்கலாம்.

கூலி பேச உட்காரும்போது மறக்காமல் கேளுங்கள்... மூலைக்கு எவ்வளவு?